தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பூர்வகுடி ஓவியம்: பொருளாளரின் கையேடு

மே மாதம் பிறந்தால் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "நல்லிணக்க வாரம் வருகுது, பிள்ளையளைக் கொண்டு டொட் பெயின்டிங் செய்விப்பமா?" நல்லிணக்க வாரம் என்றால் அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்களோடு உறவைச் சீராக்க இங்கே வருடாவருடம் வரும் வாரம்; டொட் பெயின்டிங் என்றால் அவர்களுடைய புள்ளி ஓவியம். கூடவே இணையத்தில் இறக்கிய ஆமைப் படம் ஒன்றும் வரும். பத்துப் பேர் இதயம் போடுவார்கள். பிறகு நான் வந்து "வேண்டாம்" என்று எழுதுவேன். கணக்கு அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் வேண்டாம்தான் என்று ஒரு பெயரும் எனக்கு உண்டு.

நான் மேற்குச் சிட்னியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பொருளாளர். எனக்குப் படம் கீறத் தெரியாது. இன்வாய்ஸ் பார்க்கத் தெரியும். எங்கள் பள்ளியில் இப்போது, இந்தப் பகுதி நிலத்துக்கு உரிய பூர்வகுடிகளான தாருக் இனத்துப் பெண் ஓவியர் ஒருவர் வரைந்த ஓவியம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வேறு பள்ளிகள், ஒரு முதியோர் சங்கம், ஒரு கோயில் நிர்வாகம் எல்லாம் "எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு முடிந்தது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஓவியரின் பெயரைப் போடவில்லை. அவருக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல். சிட்னித் தமிழ்ச் சங்கங்கள் எல்லாம் ஒரே எண்ணுக்கு அடித்தால் மனுசி பாவம். வேறு ஓவியர்கள் இருக்கிறார்கள், தேடும் வழியைச் சொல்கிறேன்.

ஒரு முன்னறிவிப்பு: கீழே காலமான பூர்வகுடி ஓவியர்களின் பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய பல சமூகங்களில் இறந்தவரின் பெயரையோ படத்தையோ வெளியிடும் முன் இப்படி அறிவிப்பது வழக்கம். உங்கள் பள்ளி மலரில் எழுதும்போதும் செய்யுங்கள்.

எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவள். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா கையோடு எடுத்தவற்றில் காணி உறுதியும் (நிலப் பத்திரம்) ஒன்று. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன பிறகும் அந்தக் கடதாசி எங்களிடம் இருந்தது. பூர்வகுடி ஓவியம் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க எனக்குக் கிடைத்த சுருக்கமான வழி இதுதான்: அது காணி உறுதி. எந்த நிலம், எந்த நீர்நிலை, அதை உண்டாக்கிய மூதாதை யார், அந்தக் கதையைச் சொல்லும் உரிமை எந்தக் குடும்பத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். சுவர் வடிவாக இருக்க வேண்டும் என்பதற்காக வரைவது வேறு.

நான் கூட்டிச் சொல்லவில்லை. 1963 இல் அவுஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லாண்டில், யிர்க்காலா என்ற இடத்தில், யொல்ங்கு மக்களின் நிலத்தை அரசாங்கம் பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. அவர்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிவரத் தங்கள் குல ஓவியங்களை வரைந்து கன்பராவுக்கு அனுப்பினார்கள். பாராளுமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது, சுரங்கம் நிற்கவில்லை. 1971 இல் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி கிளப்பிய கேள்விகள்தான் 1976 இல் வட பிரதேச நில உரிமைச் சட்டம் வரைக்கும் கொண்டுபோயின. அந்த மரப்பட்டைகள் இன்றும் பாராளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன. கன்பராவுக்குச் சுற்றுலா போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாங்கள் பெரும்பாலும் பூங்கா மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இன்னொன்று எனக்கு அதிலும் பிடித்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கோரியபோது, ஆங்கிலத்தில் சாட்சி சொல்வது அவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது. 1997 இல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் ஒரு கன்வஸ் வரைந்தார்கள். ஙுர்ராரா கன்வஸ் என்று பெயர். விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் அதைத் தரையில் விரித்து, ஒவ்வொருவரும் தன் நிலம் வரையப்பட்ட இடத்தில் ஏறி நின்று, தன் மொழியிலேயே பேசினார்கள். தீர்ப்பு 2007 இல் வந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அவர்களுடைய உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. பத்து வருடம் காத்திருந்தவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இது விளங்கினால், இணையத்து ஆமையை ஏன் பிள்ளைகளைக் கொண்டு வரைவிக்கக் கூடாது என்பதும் விளங்கும். அடுத்தவர் உறுதியைப் பார்த்து எழுதினால் அதற்கு என்ன பெயர்?

அப்படி எடுத்தவர்கள் சிறியவர்கள் மட்டுமில்லை. 1966 இல் அவுஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது, ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்தை அச்சடித்தார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வெளியே தெரிந்த பிறகு ரிசர்வ் வங்கி அவருக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் ஒரு மீன்பிடிப் பெட்டியும் கொடுத்தது. பிறகு 1990களில் பேர்த்தில் ஒரு நிறுவனம் பூர்வகுடி ஓவியங்களை அப்படியே வியட்நாமில் கம்பளமாக நெய்வித்துக் கொண்டுவந்து விற்றது. பாண்டுக் மாரிகா, ஜோர்ஜ் மில்புருரு போன்றவர்களின் ஓவியங்கள். குலத்துக்குப் புனிதமான நீர்நிலையின் படத்தை யாரோ வரவேற்பறையில் மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஊரில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஓவியர். 1994 இல் பெடரல் நீதிமன்றம் 188,640 டாலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தொகையில் ஓவியர்கள் தங்கள் சமூகத்துக்குள் பட்ட பாதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. கணக்கு பார்ப்பவள் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகப் பிடித்த இடம் அது.

அப்புறம் புள்ளி. "எங்கட புள்ளிக் கோலம் மாதிரித்தானே அக்கா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. கன்வஸில் புள்ளி வைக்கும் பாணி மத்திய பாலைவனத்தில், அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அப்பால் பப்புன்யாவில், 1971 ஐ ஒட்டித் தொடங்கிப் பரவியது. ஆர்னம் லாண்டில் மெல்லிய குறுக்குக் கோடுகள். மேற்கு அவுஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லியில் வண்ட்ஜினா என்ற மூதாதை ஆவிகளின் வாயில்லாத முகங்கள். அதை வரைய உரிமையுள்ள சமூகங்கள் அங்கே மூன்றே மூன்று. சிட்னிப் பக்கம் என்றால் பாறையில் செதுக்கிய உருவங்களும் கைப் பதிவுகளும். கிளென்புரூக்கில் சிவப்புக் கைகள் குகை இருக்கிறது, எங்கள் பகுதியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆகவே தாருக் ஓவியரிடம் போய் "கொஞ்சம் டொட் போட்டுத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள்.

யாரைக் கேட்பது

முதலில் நீங்கள் நிற்கும் நிலம் யாருடையது என்று பாருங்கள். டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில், கிரவீன் என்று எங்கள் ஆட்கள் கூட்டமாக இருக்கும் இடமெல்லாம் தாருக் நிலம். 1797 இல் பிரித்தானியரை எதிர்த்த பெமுல்வுய் என்ற பூர்வகுடி வீரர் தன் ஆட்களோடு வந்து தாக்கியது இதே டூங்காபியில் இருந்த அரசாங்கப் பண்ணையைத்தான். அவர் பெயரில் இன்றைக்கு ஒரு குடியிருப்புப் பகுதியே இருக்கிறது. அங்கே வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் பலருக்கு அது யார் பெயர் என்று தெரியாது. கொஞ்சம் அங்கால், பிளாக்டவுனில், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துப் படிப்பித்த நிறுவனம் 1823 இல் இருந்தது. ஊருக்கே பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்த நிலம் 2018 இல் தாருக் மக்களிடம் திரும்பியது.

அடுத்து உங்கள் உள்ளூர் கவுன்சிலுக்குப் போன் எடுங்கள். பெரும்பாலான கவுன்சில்களில் பூர்வகுடி விவகாரங்களைப் பார்க்கும் ஒரு அலுவலர் இருப்பார். மேற்குச் சிட்னிக்கு டீரபின் உள்ளூர் பூர்வகுடி நிலக் கவுன்சில் பரமட்டாவில் இருக்கிறது. ஆனால் நிலக் கவுன்சிலில் இருக்கும் எல்லோரும் தாருக் வழி வந்தவர்கள் இல்லை; வேறு பிரதேசங்களிலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வாழ்பவர்களும் உண்டு. தாருக் குடும்பங்களின் அமைப்புகள் தனியாக இருக்கின்றன. இவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். நீங்கள் அதற்குள் தலையைக் கொடுக்க வேண்டாம், யார் உண்மையானவர் என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். இரண்டு பக்கமும் மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் சங்கங்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளை வெளியார் வந்து தீர்த்து வைத்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? 1987 இல் தொடங்கி இப்போது லைக்கார்ட்டில் இயங்கும் பூமாலி என்ற பூர்வகுடி ஓவியர் கூட்டுறவும் விசாரிக்க நல்ல இடம்.

முதல் பேச்சிலேயே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் யார், எங்களிடம் எவ்வளவு காசு இருக்கிறது, எங்களுக்கு அவசரம் இல்லை. காசைச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வெட்கம். "முதலில் அவர் கேட்கட்டும், பிறகு பேசலாம்" என்று எங்கள் செயலாளர் அண்ணை சொன்னார். "அண்ணை, இது மீன் சந்தை இல்லை" என்றேன். வரவு செலவைத் திறந்து சொன்னால் ஓவியர் அதற்குள் என்ன செய்யலாம் என்று யோசிப்பார். மூடி வைத்தால் இரண்டு பேருக்கும் நேரம் வீண்.

என்ன வரைவது என்பதை அவரிடம் விடுங்கள். எங்கள் குழுவின் முதல் யோசனை என்னவென்றால் ஒரு மூலையில் திருவள்ளுவர், ஒரு மூலையில் மயில், நடுவில் கங்காரு. நல்ல வேளை, அது மினிட்ஸோடு நின்றது. ஓவியர் வந்தபோது எதையும் கேட்கவில்லை, பள்ளியைச் சுற்றி நடந்தார். பக்கத்து ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அது பரமட்டா ஆற்றில் சேருகிறது என்று சொல்லி, விலாங்கு மீன் கதையைத் தொடங்கினார். பரமட்டா என்ற பெயரே விலாங்கோடு சேர்ந்தது. இந்த ஆற்று விலாங்குகள் முட்டையிடக் கடலில் வடக்கே வெகுதூரம் போகும். குஞ்சுகள் திரும்பி வரும். ஓவியம் அந்த ஓடையும் விலாங்கும்தான். ஒரு ஓரத்தில் உள்ள வளையங்கள் என்னவென்று கேட்டதற்கு "அது சொல்வதற்கில்லை" என்றார். எங்கள் பிள்ளைகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், பெரியவர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது. அடிப் பூச்சு அவர்கள் அடித்தார்கள், ஓவியர் காட்டிய இடத்தில் காட்டிய நிறம். அதைவிட, அவர் சொல்லித்தான் பக்கத்தில் ஒரு தனிப் பலகையில் தங்களுக்குத் தெரிந்த தண்ணீரைத் தங்கள் பாணியில் வரைந்தார்கள்: கிணறு, கேணி, நீச்சல் குளம், ஒருவன் குளியலறை ஷவர். மயில் அங்கே வந்துவிட்டது.

காசும் கடதாசியும்

இது என் பகுதி, கொஞ்சம் நீளும்.

வார இறுதிப் பள்ளிகள் பெரும்பாலும் அரசாங்கப் பள்ளிக் கட்டடத்தைத்தான் வாடகைக்கு எடுக்கின்றன. சுவர் உங்களுடையது இல்லை. அதிபர் சம்மதித்தாலும் அடுத்த அதிபர் வெள்ளையடித்துவிடலாம். பப்புன்யாவில் பள்ளிச் சுவரில் 1971 இல் வரைந்த புகழ்பெற்ற தேனெறும்பு ஓவியத்தையே சில வருடங்களில் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள் என்றால் எங்கள் சுவருக்கு என்ன உத்தரவாதம்? ஆகவே தண்ணீருக்குத் தாங்கும் தடித்த பிளைவுட் பலகைகளில் வரைவியுங்கள். பின்பக்கமும் விளிம்புகளும் உட்பட எல்லாப் பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும். வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் நிறங்கள், மேலே பாதுகாப்புப் பூச்சு. பள்ளி இடம் மாறினால் பலகையும் கூட வரும்.

ஓவியருக்கான கொடுப்பனவைப் பிரித்துக் கேளுங்கள்: வடிவமைப்பு, வரைதல், பொருள்கள், போக்குவரத்து, பிள்ளைகளோடு செலவிடும் நேரம். அவர் தன் சமூகத்து மூத்தவர்களிடம் கதைக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தால் அந்த மூத்தவர்களின் நேரத்துக்கும் கட்டணம் உண்டு. இதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்ற வசனத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. பரதநாட்டிய ஆசிரியைக்கு அப்படிச் சொன்னவர்கள் எங்கள் சமூகத்தில் உண்டு. அவர் திட்டியதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

பெரும்பாலான ஓவியர்கள் தனிநபர் வியாபாரமாக ஏபிஎன் என்ற வியாபாரப் பதிவு எண் வைத்திருப்பார்கள். இன்வாய்ஸில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வருட வருமானம் 75,000 டாலருக்குக் கீழ் என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை, ஆகவே ஜிஎஸ்டி வரி இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். ஏபிஎன் இல்லாத மூத்தவர் ஒருவருக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்றால், அதற்கென்று வரித்துறையின் ஒரு படிவம் இருக்கிறது. பொருந்துகிறதா என்று பார்த்து அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் 47 சதவீதம் பிடிக்க வேண்டி வரும். எண்பது வயது மனிதருக்கு நன்றி சொல்லிக் கையில் பாதிக் காசைக் கொடுப்பது அழகில்லை. கையெழுத்திட்ட அன்றே மூன்றில் ஒரு பங்கு, வரையத் தொடங்கும்போது ஒரு பங்கு, முடிந்த ஒரு வாரத்துக்குள் மீதி. எங்கள் மொத்தச் செலவு அந்த வருட ஆண்டுவிழாவின் ஒலி, ஒளி, மேடை வாடகையை விடக் குறைவு. கவுன்சிலின் சமூக மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள், கிடைத்தால் நல்லது.

காப்பிரைட் பற்றி ஒரே விஷயம். காசு கொடுத்து வரைவித்தாலும், வேறாக எழுதிக் கையெழுத்திடாத வரை, காப்பிரைட் ஓவியருடையது. பலகை உங்களுடையது, படம் அவருடையது. டீசேர்ட்டில் அடிக்க, பள்ளி மலர் அட்டையில் போட, லோகோவாக்க, காலண்டர் விற்க ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம். ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகள் சேருங்கள்: ஓவியரின் பெயரும் சமூகமும் எப்படி எழுதப்பட வேண்டும், பலகை பழுதானால் யார் திருத்துவது (அவர்தான், வேறு யாரும் தூரிகை வைக்கக் கூடாது), வேண்டாம் என்று ஆகிவிட்டால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது, அவர் காலமானால் அவர் பெயர் பற்றிக் குடும்பத்தில் யாரைக் கேட்பது. கடைசி வரியை எழுத எங்கள் குழு கூச்சப்பட்டது. ஓவியர்தான் முதலில் அதைக் கேட்டார்.

பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு வேண்டிய சரிபார்ப்பு, காப்புறுதி எல்லாம் வழக்கம்போல. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஆறுதல் என்ற பேச்சு

விண்ணப்பப் படிவங்களில் "குணப்படுத்தல்" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் பெரிய வசனங்கள் எழுத வேண்டாம். ஓவியம் ஆளைக் குணமாக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கறாரான உதாரணம் ஒரு டயாலிசிஸ் இயந்திரம். பாலைவனத்தில் கின்டோர், கிவிர்குரா போன்ற ஊர்களில் சிறுநீரகம் பழுதானவர்கள் ஐந்நூறு கிலோமீட்டர், அதற்கும் மேல், தள்ளி அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய்க் குடும்பமில்லாமல் சாக வேண்டியிருந்தது. 2000 இல் பப்புன்யா துலா என்ற பாலைவன ஓவியர்களின் சொந்த நிறுவனத்து ஓவியர்கள் கூட்டாகச் சில பெரிய ஓவியங்களை வரைந்து, சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004 இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. பர்ப்பிள் ஹவுஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பு பல தூர ஊர்களுக்குப் பரவிவிட்டது. ஏலத்தில் வாங்கியவர்கள் செய்ததும் தோழமைதான், ஆனால் வரைந்தவர்கள், என்ன வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

கரோலப் பிள்ளைகளின் கதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது. 1940களின் பிற்பகுதியில் மேற்கு அவுஸ்திரேலியாவில், வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து கரோலப் என்ற குடியேற்றத்தில் அடைத்து வைத்த நூங்கார் இனப் பிள்ளைகள், நோயல் வைட் என்ற ஆசிரியரின் வகுப்பில் தங்கள் காட்டையும் மாலை வெளிச்சத்தையும் பாஸ்டலில் வரைந்தார்கள். படங்கள் இங்கிலாந்து போய், அமெரிக்கா போய், நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் மறந்து கிடந்தன. 2004 இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2013 இல் பேர்த்திலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தன. அதற்குள் வரைந்தவர்களில் பெரும்பாலானோர் இல்லை. அவர்களுடைய குடும்பங்கள் இருக்கின்றன.

வரையும் நாள்களில் என்ன செய்வது? தேத்தண்ணீர் போடுங்கள். நாற்காலி வையுங்கள். ஓவியரோடு வந்த மூத்த பெண்மணியும் எங்கள் அம்மம்மாமாரும் நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்; பேச்சு அதிகம் பேரப்பிள்ளைகளும் முழங்கால் வலியும்தான். "உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்" என்று மைக்கைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். களவாடப்பட்ட தலைமுறை, அதாவது அரசாங்கம் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த பூர்வகுடிப் பிள்ளைகள் பற்றி அந்த மூத்த பெண்மணி சொல்ல நினைத்தால் சொல்வார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. "நாங்களும் நிலம் இழந்தனாங்கள், எங்களுக்கு உங்கட வலி விளங்கும்" என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவது. உண்மைதான், இழந்தோம். ஆனால் இங்கே எங்களுக்கு வீசா கொடுத்தது யார், நாங்கள் வாங்கிய வீட்டுக் காணி யாருடையது என்று பார்த்தால் நிலைமை அவ்வளவு நேராக இல்லை. எங்கள் கதையை அவர் கேட்டால் சொல்லுங்கள். எங்கள் ஓவியர் கேட்டார், சாப்பாட்டு நேரத்தில். நான் மயிலிட்டி பற்றிச் சொன்னேன். "இப்போது திரும்பக் கொடுத்துவிட்டார்களா?" என்றார். கொஞ்சம் என்றேன். "எங்களுக்கும்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் வடை சாப்பிட்டோம்.

திறப்பு விழா

வரவேற்புச் சடங்கை அந்த நிலத்துக்குரியவர்கள் மட்டுமே செய்யலாம், அதற்கும் கட்டணம் உண்டு. நிலத்துக்கு உரியவர்களை நினைவுகூர்ந்து பேசுவதை யாரும் செய்யலாம். உங்கள் மாணவி ஒருத்தி தமிழில் செய்யட்டும், தாருக் என்ற பெயரைத் தடுமாறாமல் சொல்லப் பழக்குங்கள். ஒழுங்கு: முதலில் அவர்கள், பிறகு குத்துவிளக்கு. இலைகளை எரித்துப் புகை காட்டும் புகைச் சடங்கு வைப்பதென்றால் வெளியில் வையுங்கள், தீ எச்சரிக்கை மணி பற்றிக் கட்டடப் பொறுப்பாளருக்கு முன்பே சொல்லுங்கள். "எங்களிட்டச் சாம்பிராணி இருக்கு" என்று ஒருவர் கிளம்புவார், தடுத்துவிடுங்கள். மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைப்பது அவர்களிடமும் மரியாதை வழக்கம், ஆனால் அது வயதுக்காக மட்டும் கொடுப்பதில்லை. எப்படி அழைப்பது என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.

தேதி வைக்கும்போது ஜனவரி 26 ஐத் தவிருங்கள். பொங்கல் விழாவைப் பொதுவிடுமுறையோடு சேர்த்து வைக்க எங்களுக்கு ஆசை வரும். 1938 இலேயே பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடித் துக்க நாள் என்று அறிவித்த நாள் அது.

பலகையின் கீழ் ஓவியர் பெயர், சமூகம், தலைப்பு, ஆண்டு. நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலை வேறு சுவரில் மாட்டுங்கள். இதற்காக எங்கள் குழுவில் நடந்த சண்டையை எழுதினால் இன்னொரு கையேடு ஆகும்.

வரைவிக்க முடியாவிட்டால் வாங்கலாம்

சிறிய சங்கம், இடமில்லை என்றால் ஒரு ஓவியம் வாங்குங்கள். ஆனால் சுற்றுலாக் கடையில் வேண்டாம். 2019 இல் பிருபி ஆர்ட் என்ற மொத்த வியாபாரிக்குப் பெடரல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பூர்வகுடிக் கைவினை என்று தோன்றும்படி விற்ற பொருள்கள் இந்தோனேசியாவில் செய்தவை. சமூகத்தின் சொந்தக் கலை மையங்களிலிருந்து நேரடியாக வாங்கலாம், பல இணையத்தில் விற்கின்றன. ஆகஸ்டில் டார்வின் பூர்வகுடிக் கலைச் சந்தை நடக்கும். தனியார் காலரி என்றால், ஓவியர்களோடு நியாயமாக நடப்போம் என்ற பூர்வகுடிக் கலை நடத்தை விதிக்கோவையில் கையெழுத்திட்டவர்களா என்று பாருங்கள். யார் வரைந்தது, எந்த ஊர், அவருக்கு எப்படிக் காசு போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

1,000 டாலரோ அதற்கு மேலோ மறுவிற்பனையாகும் ஓவியத்துக்கு ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் போக வேண்டும் என்ற சட்டம் 2010 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கிளிபோர்ட் பொசம் ஜபல்ஜாரி 1977 இல் வரைந்த ஒரு பெரிய ஓவியத்தை ஒரு வங்கி 1,200 டாலருக்கு வாங்கியது. 2007 இல் தேசியக் கலைக்கூடம் அதே ஓவியத்தை 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓவியர் 2002 இலேயே காலமாகிவிட்டார். குடும்பத்துக்கு அந்த விற்பனையில் சல்லிக் காசு சட்டப்படி இல்லை. நீங்கள் வாங்கும் பற்றுச்சீட்டையும் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலம்

நல்லிணக்க வாரம் மே 27 இலிருந்து ஜூன் 3 வரை, பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம் ஜூலைத் தொடக்கத்தில். அந்த இரண்டு மாதமும் பூர்வகுடி ஓவியர்களுக்கும் மூத்தவர்களுக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. எல்லா அலுவலகமும் அப்போதுதான் அவர்களைத் தேடும். பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடி மக்களுக்கு ஒரு அமைப்பு வேண்டுமா என்று கேட்ட 2023 ஒக்டோபர் பொதுவாக்கெடுப்பில் பத்தில் ஆறு பேர் "இல்லை" என்று வாக்களித்த பிறகு, வருடத்தில் ஒரு வாரம் மட்டும் வரும் அழைப்புகளுக்குப் பலர் மறுப்புச் சொல்கிறார்கள். நீங்கள் ஆகஸ்ட், செப்டெம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் மழை குறைவு, பெயின்ட் சீக்கிரம் காயும், பிள்ளைகளுக்கும் மூன்றாம் தவணை. அதற்கு முந்தைய வருடம் நவம்பரிலேயே முதல் போனை எடுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கொடுக்கும் வரவு செலவில் "ஓவியம்: பராமரிப்பு, அனுமதிக் கட்டணம்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், ஒவ்வொரு வருடமும். எங்கள் கணக்கில் அது மண்டப வாடகைக்கும் காப்புறுதிக்கும் நடுவில் இருக்கிறது.